மூன்று பிள்ளைகள், இரண்டு பங்கு

பனிமூட்டத்துக்குள் தப்பு அடித்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஈரம் குடித்த தோல் அதிராமல், தொம், தொம் என்று அடைத்த குரலில் முனகும். ஆடி மாதத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அந்தச் சத்தம் எங்கள் லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவிலேயே கேட்டது. களை பிடுங்கிக்கொண்டிருந்த என் அத்தை காமாட்சி மண் அப்பிய கையோடு நிமிர்ந்து, "யாரு செத்தது?" என்று கேட்டார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தப்புச் சத்தம் என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற 'பெரட்டு', அது இல்லையென்றால் சாவு. வேறு அர்த்தம் கிடையாது. "யாரும் சாவல. கோர்ட்டு வேலை. நீ ஒன் வேலையப் பாரு" என்றார் பெரியப்பா.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையோரத்தில், தேயிலைத் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே, எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் துரைமாருக்குச் சொந்தமான லயத்தில், வரிசைவீட்டு ஒற்றையறைக் காம்பராவில் முடங்கிக் கிடந்த சனங்களுக்கு நடுவில், சொந்த நிலம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு ஏக்கர் இருந்தது பெரிய விஷயம். கங்காணியாக இருந்த என் தாத்தா கருப்பையா கடைசிக் காலத்தில் வாங்கிப் போட்டது அது. எழுதி வைக்காமலேயே கண்ணை மூடினார். அவருக்கு மூன்று பிள்ளைகள்: அட்டன் கடைத்தெருவில் சில்லறைக்கடை வைத்திருந்த பெரியப்பா, தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, கடைசியாகக் காமாட்சி அத்தை. அத்தையை உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நான்காம் வருடம் புருஷன் மண்சரிவில் போய்ச் சேர, பிள்ளை குட்டி இல்லாமல் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவர், தாத்தா உயிரோடிருந்தபோதே அந்த நிலத்தின் கீழ்க்கோடியில் தகரக் கூரை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். மேல்பக்கத்தில் எங்கள் வீடு.

அந்த நிலத்தை நிலமாக்கியவர் அவர்தான். இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. பெரியப்பா மாதத்துக்கொரு முறை வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு இரண்டு கட்டு லீக்ஸோடு போவார். அப்பாவுக்கு லொறியே கதி. முள்ளும் 'மானா'ப் புல்லுமாகக் கிடந்த சரிவைக் கொத்தி, கல் பொறுக்கி, அந்தக் கல்லாலேயே வரிசை வரிசையாக அணை கட்டி, மண் கரைந்து போகாமல் பாத்தி பிடித்து, கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையச் செய்தது அத்தையின் கை. அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தோல் வெடித்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அவரிடம்தான் போவேன். வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவிவிடச் சொல்லி எனக்குச் சுட்ட கிழங்கு தருவார்.

பெரியப்பாவுக்குக் கடையைப் பெரிதாக்கும் ஆசை வந்தது. தன் பங்கை விற்க நினைத்தார். "பங்கு பிரிக்காத நெலத்த எவன் வாங்குவான்?" என்று அப்பாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், நீதிபதி ஆளனுப்பி அளந்து, துண்டு துண்டாகப் பிரித்து, இன்னின்னாருக்கு இன்ன துண்டு என்று தீர்ப்புக் கொடுப்பார். அதன் பிறகு எவனும் கேள்வி கேட்க முடியாது. இதெல்லாம் சரியான காரியந்தான். ஆனால் சட்டப்படி பங்கு மூன்று. அது பெரியப்பாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இந்த நாட்டுச் சட்டம் எங்கள் அத்தைக்கும் ஆண்களுக்குச் சமமாகவே ஒரு பங்கு வைத்திருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள்தாம் வைக்கவில்லை. "கூடப் பொறந்தவளுக்குச் சீரு, கூடப் பொறந்தவனுக்கு நெலம். காமாச்சிக்குச் சீரு செஞ்சாச்சு" என்று பெரியப்பா சொல்வார், ஏதோ வேதம் ஓதுகிற மாதிரி. அந்தச் சீர் என்னவென்று கேட்கிறீர்களா? இரண்டு பித்தளைக் குடம், ஒரு தகரப் பெட்டி.

தப்பு அடித்தவரோடு வந்த கோர்ட்டு ஆள், கீழ்க்கோடியில் நின்ற பேரிக்காய் மரத்தில் ஓர் அறிவித்தலை ஆணியடித்துவிட்டுப் போனார். வழக்கு நடக்கிறது, உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்பதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும். நான் பள்ளிக்கூடத்தில் முதல் பிள்ளை. ஓடிப்போய் எழுத்துக் கூட்டாமல் படித்தேன். வாதி என்று பெரியப்பா பெயர், பிரதிவாதி என்று அப்பா பெயர். அண்ணன் தம்பிமேல் வழக்குப் போட்டிருப்பதாக மரத்தில் தொங்கிய தாள் சொன்னது. அந்த அண்ணனும் தம்பியும் எங்கள் வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தையின் பெயர் எங்குமே இல்லை. நான் வீட்டுக்கு ஓடி, "அப்பா, அத்த பேரு விட்டுப்போச்சு" என்றேன். பிழை கண்டுபிடித்த பெருமையோடு சொன்னேன்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சம்பலை வழித்துக்கொண்டே, "மூணாப் பிரிச்சா ஆளுக்கு என்னத்த மிஞ்சும்? நம்ம ரெண்டு பேரும் அவளத் தெருவுலயா விடப் போறோம்?" என்றார். அப்பா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்துச் சொன்னார்: "சரசு, அத்த கேட்டா, பேரு இருக்குன்னு சொல்லு. இல்லன்னா அது பயந்துக்கும். அழுவும்." அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வீட்டு விசயம் வீட்டோட" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அத்தை என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார். தாளின் மேல் மழை படாமலிருக்க ஒரு சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "படிச்சுச் சொல்லு தாயி. எம் பேரு இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு அத்த" என்றேன். "எங்க, காட்டு" என்றார். பெரியப்பாவின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். அந்த எழுத்துகளை அவர் தன் வெடித்த விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு திருப்தியாகப் போய்ப் பாத்தியில் குனிந்துகொண்டார். சிறுபிள்ளை, பெற்றவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். அப்படிப் பேசியவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தப் பரிவு வேண்டாம்.

அதற்கு அடுத்த மாசி மாதம் என் குழந்தைப் பருவத்திலேயே சந்தோஷமான நாள் ஒன்று வந்தது. பெரியப்பா திடீரென்று மனசிளகி, "காமாச்சி, புருசன் செத்ததுலேருந்து ஒரு கோயில் கொளம் போகல நீ. மலைக்குப் போயிட்டு வா, புள்ளையயும் கூட்டிக்கிட்டுப் போ" என்று சிவனொளிபாதமலைக்கு அனுப்பி வைத்தார். பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார். நல்லதண்ணியில் இறங்கினால் பருவகாலக் கடைகள், பொரியுருண்டை, சிங்களச் சனங்கள் வெள்ளை உடுப்போடு போகிற வரிசை. பகல் முழுக்க ஏறினோம். கால் வலித்தபோது அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார், பத்து வயதுப் பெண்ணை. உச்சியில் குளிரில் பல் கிட்டிக்கொள்ள, மணியை ஒரு முறை அடித்துவிட்டு, "ரெண்டு அண்ணன்மாரும் நல்லா இருக்கணும்" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார். இறங்கி, ஒரு தெரிந்தவர் காம்பராவில் தங்கி, மறுநாள் மத்தியானம் வீடு வந்தோம்.

பாத்திகளுக்கு நடுவில் புதிதாகக் குச்சிகள் நட்டிருந்தார்கள். சில லீக்ஸ் மிதிபட்டுக் கிடந்தது. "மாடு வந்துச்சா?" என்று கேட்ட அத்தைக்கு, "சர்வேயரு வந்தாரு, அளந்தாரு, போனாரு" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நிலத்தை அளக்க வருகிற சர்வேயர் அங்கே குடியிருக்கிறவர்களை விசாரிக்க வேண்டும், உரிமை சொல்கிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் அந்த யாத்திரை. இது எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. புரிந்த நாளிலிருந்து அந்த மலையை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேகம் விலகித் தெளிவாகத் தெரிகிற நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவேன். என் ஒரே சந்தோஷமான நாளைக்கூட அவர்கள் ஒரு கருவியாகத்தான் செய்திருந்தார்கள்.

தீர்ப்பு வந்தது. நிலம் இரண்டு துண்டு. மேல்துண்டு அப்பாவுக்கு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியும் பேரிக்காய் மரமும் அத்தையின் தகரக் கொட்டிலும் பாத்திகளில் முக்கால்வாசியும் இருந்த கீழ்த்துண்டு பெரியப்பாவுக்கு. அவர் அதைக் கையோடு ஒரு லொறி முதலாளிக்கு விற்றார். வாங்கியவர் கோர்ட்டு மூலம் நிலத்தை ஒப்படைக்கச் சொல்ல, ஒரு வெயில் காலையில், கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிற பிஸ்கால் ஆள் வந்து கொட்டிலுக்கு முன்னால் நின்றார். வயதான சிங்களவர், குடையோடு வந்திருந்தார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. சாமான்களை வெளியே எடுக்கச் சொன்னார்.

"நான் எதுக்கு எடுக்கணும்? இதுல மூணுல ஒண்ணு என்னோடது. எம் பேரு இருக்கு" என்றார் அத்தை.

அவர், "நம மொகக்த?" என்று பெயரைக் கேட்டார். அத்தை தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் மேலிருந்து கீழாகத் தேடினார். மறுபடியும் ஒருமுறை தேடினார். பிறகு தலையை ஆட்டி, "மேக்கே நே" என்றார். இதில் இல்லை.

அத்தை மெல்லத் திரும்பி என்னைத்தான் பார்த்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். பித்தளைக் குடத்தையும் தகரப் பெட்டியையும் ஆட்கள் வெளியே வைத்த சத்தம் கேட்டது. பெரியப்பா வரவில்லை, கடையில் சரக்கு இறங்குகிறதாம். அப்பா லொறியோடு போயிருந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு என்று எனக்குத் தெரியும்.

மறுநாள், பக்கத்து லயத்தில் ஒதுங்கியிருந்த அத்தையை நானே தேடிப்போய், "அப்பா சொல்லச் சொன்னாங்க, அத்த" என்றேன். அழுதேன். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அட்டனுக்கு நடந்தார். அங்கே வழக்குப் பேசுகிற புரொக்டர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். தீர்ப்பு முடிந்துவிட்டது, விட்டுப்போன பெயரை இனிச் சேர்க்க முடியாது, நிலம் திரும்பாது. ஆனால் மறைத்தவர்கள்மேல் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றார். "அதுக்கு நீங்கள் கருப்பையாவின்ர மகள் எண்டு காட்டவேணும்" என்றார்.

காட்டுவதற்கு என்ன இருந்தது? தோட்டத்துப் பிறப்புப் பதிவில் 'பெண் பிள்ளை' என்று மட்டும் எழுதி, பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை இவர்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். புரொக்டர் அப்பாவுக்குக் கடிதம் போட்டார். அப்பா பயந்துகொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் அத்தையும் பெஞ்சியில் இருந்தோம்.

"இந்த அம்மா உங்கட கூடப்பிறந்த சகோதரிதானே?" என்று கேட்டார் புரொக்டர். "ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்."

அப்பா தரையைப் பார்த்தார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். எனக்கு அவர்மேல் அப்போதும் நம்பிக்கை இருந்தது, அதுதான் வெட்கம். கடைசியில், "எங்க வூட்ல வளந்த புள்ளைங்க சார்" என்றார்.

வளர்ந்த பிள்ளை. கூடப்பிறந்தது என்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல், பெரியப்பா சொல்லிக்கொடுத்திருந்த ஒரு வாக்கியம். நான் எழுந்து, "அப்பா பொய் சொல்றாங்க! அத்த எங்க தாத்தாவோட சொந்த மக!" என்று கத்தினேன். அப்பா அங்கேயே என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. புரொக்டர் எழுந்து அவரை விலக்கிவிட்டு, என்னைப் பார்த்து வருத்தத்தோடு, "நீ பிறக்க முந்தின சங்கதியம்மா இது. உன்ர சாட்சி எடுபடாது" என்றார். வேறு சாட்சி தேடலாம், தோட்டத்துப் பழைய ஆட்கள் இருப்பார்கள் என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை எழுந்தார். சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றார். "சின்னண்ணே, நீ கொழந்தையா இருக்கயில ஒனக்குப் பாலு குடுத்த மாருதான் எனக்கும் குடுத்துச்சு. அந்த ஆத்தாளயும் இல்லன்னு சொல்லிட்ட. இனி அந்த மண்ணு எனக்குப் பொன்னாக் காய்ச்சாலும் வேணாம்" என்றார். புரொக்டரைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். "நீ போயி ஒங்கப்பனோட இரு" என்றார், திரும்பாமல்.

அவர் உடப்புசல்லாவைக்கே போய், புருஷன் வேலை செய்த தோட்டத்தில் கொழுந்து பறித்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பீலி கைமாறிப் போனதால் எங்களுக்கும்தான் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. அம்மா பாதையோரக் குழாய்க்கு நடந்து நடந்து கால் வீங்கினாள். நான்கைந்து வருடத்தில் அப்பாவும் மேல்துண்டை அதே லொறி முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். அண்ணனுக்குப் பயந்த மனுஷன், பாவம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பயந்தவன் செய்கிற துரோகம் கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினெட்டு வயதில் ஆசிரியையாகி முதல் சம்பளத்தில் சேலையொன்று வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சேலையை வாங்கித் தலைமாட்டில் வைத்தார். "ஒன்மேல கோவமில்ல தாயி, நீ சின்னப் புள்ள" என்றவர், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "ஆனா, அத்தன பேர்ல படிச்ச புள்ள நீதான்னு ஒங்கிட்ட வந்து கேட்டேன்" என்றார்.

அறுபதுகளின் நடுவில், இந்த நாட்டில் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டிருந்த எங்கள் சனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகு, அத்தை புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். பாரத்தில் தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம். கருப்பையா கங்காணி என்று நான்தான் நிரப்பினேன். உத்தியோகத்தர் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார். பங்கு கேட்டபோது சாட்சியில்லாமல் போன தகப்பன், நாட்டை விட்டுப் போகச் சொன்னபோது உடனே கிடைத்துவிட்டார். அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.

பெரியப்பாவும் அப்பாவும் செத்து வருடங்களாகிவிட்டன. அப்பாவுக்கு நான் அழுதேன், மன்னிக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அந்தச் சரிவை இயந்திரம் வைத்து வெட்டி மூன்று மாடி விடுதி கட்டியிருக்கிறார்கள். கல்லணையும் இல்லை, பாத்தியும் இல்லை. ஒரு பிடி மண்கூட அங்கே கண்ணில் படாது. போன வருடம் நான் அந்த வழக்குக் கட்டின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். சர்வேயரின் அறிக்கையில், கீழ்க்கோடியில் ஒரு தகரக் கொட்டில், தோட்ட வேலைக்கு வைத்த கூலிப்பெண் வசிப்பது, என்று வாதி சொன்னதாக எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் வம்சாவளி. மேலே தாத்தா பெயர். அதிலிருந்து கீழே இரண்டு கோடுகள், இரண்டு ஆண் பிள்ளைகள், அடியில் அப்பாவின் கையெழுத்து. நான் அப்பாவின் ஒரே மகள், எழுபது தாண்டிவிட்டது. அத்தை அந்தச் சரிவில் குனிந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். நானும் போன பிறகு பேசுவதற்கு அந்தத் தாள்தான் இருக்கும். அது பொய் சொல்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.